நம் கணக்கு நம் ஏட்டில்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வரும் இக்கழகத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேச அறிஞர் பலர் வந்துள்ளனர். என்னையோ குடும்ப வரவு செலவு பற்றிப் பேசுமாறு பணித்துள்ளனர். இது கல்விக்குப் புறம்பான பொருள் அன்று என்பதை என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே முதற்கண் கூற விரும்புகிறேன்.

என் தந்தையார் கொத்தனார். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, தேர்வுக் கட்டணம் செலுத்தவேண்டிய நாள் கார்த்திகை மழையில் வந்தது. மூன்று வாரமாக அவருக்கு வேலை இல்லை. வீட்டிலிருந்த பித்தளை அண்டா அடகுக் கடைக்குப் போயிற்று. நான் தேர்வு எழுதினேன். அண்டா திரும்பி வரவில்லை. வட்டியே அதனை விழுங்கிவிட்டது.

அதே ஆண்டு பங்குனியிலும் சித்திரையிலும் தந்தையார் ஓய்வின்றி வேலை செய்தவர். அந்தக் கூலி எங்கே போயிற்று என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. அவர் ஊதாரி அல்லர்; குடிப்பழக்கமும் அவருக்கு இல்லை. ஆனால் எழுதத் தெரியாது. எனக்கு எழுதத் தெரியும், நான் எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான், என் வீட்டுக் கணக்கில் ஒரு வரியும் எழுதியவன் அல்லன். அந்தக் குறையை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

நண்பர்களே! நம் முன்னோரின் உழைப்புக்குரிய கணக்கு நெடுங்காலம் பிறர் ஏட்டிலேயே இருந்து வந்தது. பண்ணையார் எழுதினார், நாம் கைநாட்டு வைத்தோம். தாத்தா வாங்கிய நெல்லுக்குப் பேரன் உழைத்தான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. கொத்தடிமைக் கடன்கள் செல்லாதன ஆயின. எனினும், முன்பணம் பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு செங்கற்சூளைக்குப் போவோர் இன்றும் உள்ளனர். மழைக்காலத்தில் கையிருப்பு இல்லாதவன், வரப்போகும் மாதங்களின் உழைப்பை முன்கூட்டியே விற்றுவிடுகிறான். விலையை அவன் சொல்வதில்லை; வாங்குபவனே சொல்கிறான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் வறுமை நாம் செலவழித்த முறையால் வந்ததன்று. நிலம் மறுக்கப்பட்டது, கல்வி மறுக்கப்பட்டது, உழைப்புக்கேற்ற கூலி மறுக்கப்பட்டது. ஆகவே, சேமிப்பு என்பது உரிமைப் போராட்டத்திற்கு மாற்று அன்று, அதற்குத் துணை. இரண்டு வாரம் அடுப்பெரியக் கையிருப்பு உள்ளவனே, "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று நிமிர்ந்து சொல்ல இயலும்.

பணத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் நமக்கு அயலானதன்று. அண்ணல் அம்பேத்கர் ரூபாயின் பிரச்சினையைப் பற்றி எழுதிய பெருநூல் 1923இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1907இல், அயோத்திதாசப் பண்டிதர் தாம் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயரிட்டார். சிறு காசை இகழாதவர்கள் நம் முன்னோடிகள்.

இனி, வழிமுறைக்கு வருவோம். மாதச் சம்பளம் பெறுவோர்க்கு எழுதப்படும் திட்டம் நமக்குப் பொருந்தாது. அவர்க்கு வரவு நிலையானது. நமக்கு வாரந்தோறும் மாறுவது. ஆதலின் மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை அளவாகக் கொள்ளவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி பெறும் கட்டடத் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். தை முதல் ஆனி வரை ஆறு மாதங்களில் மாதம் 20 நாள் வேலை. மாத வரவு 16,000. ஆடி, ஆவணி, புரட்டாசியில் 15 நாள். மாத வரவு 12,000. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் 8 நாளே. மாத வரவு 6,400. ஆண்டு மொத்தம் 1,51,200 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,600.

சித்திரையில் இவர் தம் வரவு 16,000 என்று நினைக்கிறார். அவ்வாறே செலவும் செய்கிறார். கார்த்திகையில் கடன் வாங்குகிறார். உண்மையில் எந்த மாதத்திலும் அவர் வரவு 12,600தான். குடும்பச் செலவை 11,500க்குள் நிறுத்துவாராயின், நல்ல மாதம் ஆறிலும் 4,500 வீதம் 27,000 மிஞ்சும். நடுத்தர மாதம் மூன்றில் 500 வீதம் 1,500 மிஞ்சும். ஆக 28,500. மழை மாதம் மூன்றிலும் 5,100 வீதம் 15,300 குறையும். அக்குறையை ஈடுசெய்த பின்னும் 13,200 ரூபாய் கையில் நிற்கும். கூலி கூடவில்லை, வேலைநாளும் கூடவில்லை. ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கவேண்டிய தேவை இல்லை.

இதற்குச் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, எழுதுதல். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தேநீரும், பேருந்துக் கட்டணமும், கைபேசிக்குப் போட்ட பணமும் விடாமல் எழுதுக. முதல் மூன்று மாதம் எதையும் குறைக்க வேண்டா, எழுதினால் போதும். குறைக்க வேண்டியது எது என்பதை அந்த நோட்டே சொல்லும். வீட்டில் படிக்கும் பிள்ளை இந்தக் கணக்கை எழுதட்டும். தந்தையும் தாயும் சொல்லட்டும்.

இரண்டாவது, வரும் செலவை முன்னறிதல். தீபாவளி, வரவு குறைந்த ஐப்பசியில் வருகிறது. பள்ளி, கல்லூரிக் கட்டணம் ஆனி, ஆடியில் வருகிறது. இவை திடீரென வருபவை அல்ல, ஆண்டுதோறும் வருபவை. நோயும் விபத்துமே சொல்லாமல் வருபவை. தெரிந்த செலவுக்கு ஒரு தொகையும், தெரியாத செலவுக்கு ஒரு தொகையும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கூலி கைக்கு வந்த அன்றே எடுத்து வைத்தல். மேற்கூறிய கணக்கின்படி நல்ல மாதங்களில் நாளொன்றுக்கு 225 ரூபாய் ஆகிறது. அது இயலாதெனின் 20 ரூபாயில் தொடங்குக. செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவர்க்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

எடுத்த பணத்தை எங்கே வைப்பது? 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தின்கீழ், குறைந்தபட்ச இருப்பு இல்லாமலே வங்கிக் கணக்குத் தொடங்கலாம். அஞ்சலகத் தொடர்வைப்பில் மாதம் 100 ரூபாய் முதல் ஐந்தாண்டு கட்டலாம். தவணை தவறினால் தண்டம் உண்டு. ஆகையால் மழை மாதத்திலும் கட்டக்கூடிய தொகையையே அதற்குக் குறிக்கவேண்டும். நல்ல மாதத்து மிகுதியைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் இடுக. தாய்மார்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் சேரலாம். சீட்டுக் கட்டுவோர், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டுத்தானா என்று கேட்டறிந்த பின்னரே கட்டவேண்டும். வங்கிக் கணக்குள்ளோர்க்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 இலட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. கட்டடத் தொழிலாளர் தமக்குரிய நல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும். பதிவு பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கும்.

கடன் பற்றியும் ஒரு சொல். பத்து வட்டிக்கு 10,000 வாங்கினால் ஓராண்டில் வட்டி மட்டும் 12,000. முதல் அப்படியே நிற்கும். தண்டலில் 8,500ஐக் கையில் கொடுத்து, நாள் 100 வீதம் நூறு நாளில் 10,000 வாங்குவர். "ஆயிரத்தைந்நூறுதானே" என்பர். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுப்பதால், அந்தக் காலத்தில் சராசரியாகப் பாதிப் பணமே நம்மிடம் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இல் வந்தது. சட்டத்தை அறிந்திருங்கள். இத்தகைய கடன் உள்ளவர்க்கு, அதனை அடைப்பதே முதற் சேமிப்பு.

இளைஞர்களே! உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று வீடு திரும்பியதும் ஒரு நோட்டை எடுத்து முதற்பக்கத்தில் தேதியிட்டு, இந்த வாரம் வீட்டுக்கு வந்த கூலியை எழுதுங்கள். உங்கள் தாயாரையும் தந்தையாரையும் அருகில் அமர்த்தி, எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தம் உழைப்பின் கணக்கைத் தம் பிள்ளையின் வாயால், தம் வீட்டில் அமர்ந்து கேட்பது அவர்களுக்கு முதன்முறையாக இருக்கலாம். என் தந்தையார்க்கு அந்த வாய்ப்பை நான் தரவில்லை. நீங்கள் தருவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.