கதிரொளி வாங்கும் கரிமச் சாயம்



இலை பச்சையத்தால் கதிரொளியைப் பற்றி உணவாக்குகின்றது. அதனை ஒத்த நெறியில், சாயத்தால் ஒளியைப் பற்றி மின்னாக்கும் கலத்தைப் பிரையன் ஓரீகன், மைக்கேல் கிராட்செல் என்னும் அறிஞர் இருவர் 1991 ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர். சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரில் அவர்கள் அதனை வளர்த்தெடுத்தனர். ஒளியில் 7 விழுக்காட்டிற்கு மேல் அது மின்னாக்கியது.

அதன் அமைப்பு எளிது. வெண்பூச்சுகளில் சேரும் தைத்தானிய ஈருயிரகை என்னும் வெண்பொடியை, நுண்டுளைகள் நிறைந்த மெல்லேடாகக் கண்ணாடிமேற் படிய வைப்பர். அதன்மேற் சாயம் ஒட்டும். ஒளி பட்டதும் சாயம் ஓர் எதிர்மின்னியை வெண்பொடிக்கு ஈயும். அது புறச்சுற்றில் ஓடி மறுமுனையை அடையும். சாயம் இழந்ததை இடையிலுள்ள அயோடின் கரைசல் ஈடுசெய்யும்.

தொடக்கத்திற் சிறந்து நின்ற சாயங்கள் உருத்தேனியம் என்னும் மாழையைக் கொண்டவை. அம்மாழை அரிது, விலையும் மிகுதி. ஆகவே, மாழையற்ற கரிமச் சாயங்களை அறிஞர் நாடினர். இவற்றின் மூலக்கூறு மூன்று உறுப்புடையது. ஒருமுனை எதிர்மின்னியை ஈயும். மறுமுனை அதனை ஏற்று, வெண்பொடியையும் பற்றி நிற்கும். நடுவே பாலம் ஒன்று இரண்டையும் இணைக்கும். பாலத்தை மாற்றினால், பற்றும் ஒளியின் நிறமும் மாறும்.

ஒரு சாயமே எல்லா நிறங்களையும் பற்றாது. ஆதலின், ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும் இரு சாயங்களைச் சேர்த்தனர். இம்முறையில் 2015 இல் சப்பானியர் 14 விழுக்காட்டைக் கடந்தனர்; 2022 இல் இலோசான் ஆய்வர் 15.2 விழுக்காட்டை எட்டினர். அறைவிளக்கொளியில் அக்கலம் 30 விழுக்காட்டளவு மின்னாக்கியது. வெயிலிற் சிலிக்கன் கலமே இன்றும் முந்தி நிற்கின்றது. அறைக்குள் மங்கிய ஒளியிற் சாயக் கலம் சிறக்கின்றது.

இனிச் சொல்லைக் கருதுக. கடைத்தெருவில் 'ஆர்கானிக்' என்றால், செயற்கை உரமிடாது விளைந்த பொருள் என்றே மக்கள் கொள்கின்றனர். அச்சொல்லையே இச்சாயத்திற்கும் இட்டால், அவுரி, மஞ்சள் போன்ற செடிச்சாயம் இது என மாணவன் மயங்குவான். ஆய்வகத்தில் உறுப்புறுப்பாய்க் கட்டப்பெற்ற சாயம் என்பதனை அறியான். 'கரிமம்' என்க, கரியை அடியாகக் கொண்டது என்பது கேட்ட அளவிலேயே விளங்கும். செடிச்சாயமும் கரிமமே, கரிமச் சாயமெல்லாம் செடிச்சாயம் அல்ல. அயற்சொல் குழப்பிய வேறுபாட்டைத் தமிழ்ச்சொல் தெளிவாக்குகின்றது.

அறிவியலுக்குத் தமிழ் ஆகாது என்பார் இன்றும் உளர். அவர்க்கு மறுமொழி வகுப்பறையில் எழட்டும். ஆசிரியர் ஒவ்வொருவரும் இக்கலத்தைத் தமிழாலேயே விளக்குக! அகரமுதலியில் உறங்கும் சொல் மடியும். மாணவன் நாவில் வழங்கும் சொல் வாழும்.

வெல்க தமிழ்!