அனுமதி கிடைத்தும் போடாத ரயில்பாதை



சுரங்க முதலாளிகள் கூடும் மாநாடுகளில் ஒரு புகார் தவறாமல் எழும். கனடாவின் வடக்கே மண்ணுக்குள் இரும்பு இருக்கிறது, தங்கம் இருக்கிறது, வைரம் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்பதே அந்தப் புகார். நாடாளுமன்றமும் அதற்குக் காது கொடுத்தது. நாட்டு நலனுக்கானவை என்று அரசு குறிக்கும் பெருந்திட்டங்களுக்கு விரைவாக அனுமதி தர 2025 ஜூனில் சட்டமே வந்துவிட்டது. புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வீணானதாகச் சொல்லப்படும் அந்த ஆண்டுகளை யார் யார் தின்றார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது விளங்கும்.

பாஃபின் தீவின் வடபகுதியில், 71 டிகிரி அட்சரேகையில், மேரி ரிவர் என்ற இரும்புச் சுரங்கம் இருக்கிறது. உயர்தரத் தாது. வெட்டி, நொறுக்கி, அப்படியே கப்பலில் ஏற்றலாம். அந்தத் தீவு இருப்பது நுனாவுட்டில். இனுயிட் மக்கள் 1993இல் கனடா அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக 1999இல் பிறந்த ஆட்சிப்பகுதி அது. பரப்பு ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர்; மக்களோ 2021 கணக்கெடுப்பில் 37 ஆயிரம் பேர்தான். 25 ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலை கிடையாது. திட்டங்களை ஆராய்ந்து சொல்லும் நுனாவுட் தாக்க மதிப்பீட்டு வாரியம் அந்த உடன்படிக்கையின் பிள்ளை. யாரோ ஓர் அதிகாரி போட்ட முட்டுக்கட்டை அல்ல அது. நிலத்தின் பெரும்பகுதி மீதான உரிமையை விட்டுக்கொடுத்து அந்த மக்கள் பெற்ற ஒப்பந்த உரிமை.

பாஃபின்லேண்ட் என்ற நிறுவனம் 2008இல் விண்ணப்பித்தது. தெற்கே ஸ்டீன்ஸ்பி விரிகுடாவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர் ரயில்பாதை, ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் டன் தாது. 2012 டிசம்பரில் சான்றிதழ் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் அதிகம் என்றே வைத்துக்கொள்வோம். கிடைத்துவிட்டதல்லவா? தண்டவாளம் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. சில வாரங்களிலேயே, 2013 ஜனவரியில், அதே நிறுவனம் வாரியத்தின் கதவை மறுபடியும் தட்டியது. ரயில்பாதைக்குப் பணம் திரளவில்லை. இப்போதைக்கு வடக்கே மில்ன் விரிகுடாவுக்கு லாரியில் கொண்டுபோகிறோம், ஆண்டுக்கு 35 லட்சம் டன் போதும் என்றது. அதற்கும் ஓர் ஆய்வு நடந்து, அதற்கும் ஒப்புதல் கிடைத்தது. பிறகு அது 42 லட்சமாயிற்று. 2018இல் 60 லட்சம். அடுத்து, வடக்கே 110 கிலோமீட்டரில் புதிதாக ஒரு ரயில்பாதை, 1 கோடியே 20 லட்சம் டன் என்று ஒரு திட்டம். கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு மண்டபத்தை மாற்றி, தேதியை மாற்றி, விருந்தினர் கணக்கையும் இரட்டிப்பாக்கிவிட்டு, அச்சகத்துக்காரர் தாமதம் செய்கிறார் என்று சொன்னால் எப்படி?

அந்தக் கடைசித் திட்டம்தான் நான்கு ஆண்டு இழுத்தது. ஏன் இழுத்தது என்பதற்கு மிட்டிமடாலிக் ஊரைப் பார்க்க வேண்டும். பாண்ட் இன்லெட் என்பது அதன் ஆங்கிலப் பெயர். சுமார் 1,500 பேர் வாழும் ஊர். அவர்கள் வேட்டையாடும் எக்லிப்ஸ் நீரிணை வழியாகத்தான் தாதுக் கப்பல்கள் போகின்றன. நார்வால் என்ற திமிங்கலம் கோடையில் அங்கே வரும். தலையிலிருந்து ஈட்டிபோல் நீளும் அதன் கொம்பு உண்மையில் ஒரு பல். கப்பல் ஓசை கேட்டால் அது விலகிப் போய்விடும். 2016இல் அந்த நீரிணையில் சுமார் 12 ஆயிரம் நார்வால்கள் கணக்கிடப்பட்டன. 2021இல் சுமார் 2,600. இரும்புத் தூசு படிந்து பனி சிவந்துபோனது என்று வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாஃபின் தீவின் கரிபூ மான்கள் அருகிப்போய் 2015இல் வேட்டைக்கே தடை வந்திருந்தது. மான் போயிற்று, கடலும் போனால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? யானை விலை வைத்துத் தெற்கிலிருந்து விமானத்தில் வரும் கோழியையும் தக்காளியையும் நம்பியா?

2019 நவம்பரில் தொடங்கிய பொது விசாரணை, கேள்விகளுக்குப் பதில் போதவில்லை என்று பாதியில் நின்றது. பிறகு கோவிட் வந்தது. 2021 பிப்ரவரியில், மைனஸ் முப்பது டிகிரிக்கும் கீழே உறையும் குளிரில், வேட்டைக்காரர்கள் ஸ்னோமொபைலில் வந்து சுரங்கத்தின் விமான ஓடுதளத்தை மறித்து உட்கார்ந்தார்கள். 2022 மே மாதம் வாரியம் கைவிரித்தது. கடல் உயிர்கள், மான், இனுயிட் மக்களின் உணவு ஆகியவற்றுக்கு வரும் கேட்டைத் தடுக்க முடியாது என்றது. நவம்பரில் கனடாவின் வடக்கு விவகார அமைச்சர் டான் வாண்டல் திட்டத்தை நிராகரித்தார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 60 லட்சம் டன்னுக்கான அனுமதி தற்காலிகமானது. 2021 முடிவில் அது காலாவதியாயிற்று. அடுத்த ஆண்டு நிறுவனம் 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வேலைநீக்க அறிவிப்புக் கொடுத்தது. அக்டோபரில் அனுமதி வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். மாதச் சம்பளம் அரிதான ஊர்களில் அது சின்ன விஷயமில்லை. வாரியத்தை எதிர்ப்பவர்களெல்லாம் பேராசைக்காரர்கள் என்று இங்கே எவரும் கைதட்ட வேண்டாம்.

வாரியம் சொன்னால் முடிந்தது என்றும் இல்லை. நுனாவுட்டின் கண்ட நிலப்பகுதியில் பேக் ரிவர் தங்கத் திட்டத்தை 2016 ஜூனில் அது வேண்டாம் என்றது. கரிபூ மான்களைப் பற்றிய கவலைதான் முக்கியக் காரணம். வீண் கவலையும் அல்ல. பாதர்ஸ்ட் கூட்டத்தில் 1986இல் 4 லட்சத்து 70 ஆயிரம் மான்கள் இருந்தன, 2018இல் 8,200. அப்போதைய அமைச்சர் திருப்பி அனுப்பினார், நிறுவனம் மான்களுக்கான பாதுகாப்பைக் கூட்டிக்கொண்டு வந்தது, 2017 ஜூலையில் வாரியமே சரி என்றது. மறுபரிசீலனைக்கு ஆனது சுமார் ஓராண்டு. சான்றிதழ் அந்த டிசம்பரில் கைக்கு வந்தது. முதல் தங்கம் வார்த்தது எப்போது? 2025 ஜூன் கடைசியில். அந்த ஏழரை ஆண்டை எந்த வாரியத்தின் தலையில் எழுதுவது?

இப்படி ஆராயாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு யெல்லோநைஃப் நகரத்து ஜயண்ட் சுரங்கம் சாட்சி. 1948 முதல் 2004 வரை ஓடிய தங்கச் சுரங்கம். தாதுவை வறுத்தபோது வந்த ஆர்சனிக் முதலில் புகைபோக்கி வழியே ஊரெல்லாம் படிந்தது. 1951இல் ஒரு பழங்குடிக் குழந்தை இறந்தது. இழப்பீடு 750 டாலர். பிறகு அந்த ஆர்சனிக் தூசைப் பிடித்துப் பூமிக்குள் அடைத்தார்கள். 2 லட்சத்து 37 ஆயிரம் டன். சுரங்க முதலாளி 1999இல் திவாலாகிப் போய்விட்டார். தூசு அங்கேயே இருக்கிறது. அதை நிலத்தடியில் உறையவைத்துக் காக்கும் வேலைக்கு அரசு போட்ட மதிப்பீடு 438 கோடி கனடா டாலர். கட்டுவது வரிப்பணம்.

அதற்காக அனுமதிச் சீட்டு ஒரு காப்புக் கயிறு என்று நினைத்துவிடவும் முடியாது. யூகானில் ஈகிள் தங்கச் சுரங்கம் எல்லா ஆய்வையும் தாண்டி வந்ததுதான். 2024 ஜூனில் அதன் தாதுக்குவியல் சரிந்து சயனைடு கலந்த நீர் வெளியேறியது. இரண்டே மாதத்தில் நிறுவனம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. அனுமதிக்கு முன் கேட்கும் கேள்விகளை அனுமதிக்குப் பின்னும் கேட்க ஆள் வேண்டும் என்று வடக்கில் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

தாமதத்தில் குறைக்க வேண்டியது இருக்கிறது, குறைக்கவும் முடியும். மேரி ரிவர் அறிக்கை மே மாதம் கைக்கு வந்தும் அமைச்சர் முடிவு சொல்ல ஆறு மாதம் ஆனது. அங்கே கை வைக்கலாம். விண்ணப்பத்தின் ஆயிரக்கணக்கான பக்கங்களை இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியிலும் சேர்த்தே தந்தால், விசாரணையன்று புரியவில்லை என்று நிறுத்த வேண்டியிராது. மானையும் திமிங்கலத்தையும் எண்ணும் வேலையை விண்ணப்பம் வந்த பிறகு நிறுவனமே ஆள் வைத்துச் செய்வதை விட, அரசு முன்கூட்டியே ஆண்டுதோறும் செய்து வைக்கலாம். வடக்கில் பனி விலகிக் கடல் திறப்பது ஆண்டில் சில மாதம்தான். ஒரு கோடை தவறினால் ஓர் ஆண்டு போயிற்று. நிறுவனங்களும் பணம் திரண்ட திட்டத்தோடு வரட்டும். வடக்குப் பாதை மறுக்கப்பட்ட பிறகு பாஃபின்லேண்ட் திரும்பவும் கையில் எடுத்தது எதைத் தெரியுமா? 2012இல் அனுமதி பெற்ற அதே ஸ்டீன்ஸ்பி ரயில்பாதையை. அதற்கு முதலீட்டாளர்களைத் தேடும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.