ஒரே திருவிருந்து, தனித்தனிப் பந்தி



விசுவாசிகள் ஏன் இன்னும் பாவம் செய்கிறார்கள், ஏன் தங்களுக்குள்ளேயே பிணங்குகிறார்கள் என்பதுதான் இந்தக் கருத்தரங்கின் பொருள். வேதசாஸ்திரம் இதற்கு நெடுநாளாகவே விடை தேடி வருகிறது. ரோமர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், மனம் ஒரு பக்கம் இழுக்கச் செயல் வேறு பக்கம் போவதைச் சொல்லிப் பவுல் கதறுகிறார். கதறுவது மனம் திரும்புவதற்கு முந்திய பவுலா, பிந்திய பவுலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அகுஸ்தீன் முதலில் முந்தியவர் என்றார். பிற்காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். லூத்தர் விசுவாசியை ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் கண்டார். வெஸ்லியோ, அன்பில் நிறைவடைவது இந்த வாழ்விலேயே கூடும் என்று நம்பினார். இவற்றையெல்லாம் விரித்துப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் அவையில் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சபைகளின் வரலாறு இந்தக் கேள்விக்கு என்ன விடை தருகிறது என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834-ல். திருமங்கலம், பசுமலை என்று பரவிய அந்த மிஷன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலையிலும் ஒரு நிலையம் அமைத்தது. கண்மாய் பெருகினால் ஒரு போகம், பெருகாவிட்டால் கம்பும் சோளமும்கூட நிச்சயமில்லை என்றிருந்த ஊர்களுக்கு உபதேசியார்கள் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊர்களில் ஒரு குடும்பம் குலதெய்வத்தை விட்டுச் சபையில் சேர்வது சின்னக் காரியம் அல்ல. கொடைக்கு வரி தரமாட்டேன் என்று சொன்னவரை ஊர் சும்மா விடாது. கிணறு, களம், கொடுக்கல் வாங்கல், பெண் எடுத்தல், பெண் கொடுத்தல் எல்லாமே ஊரோடும் உறவோடும் பின்னிக் கிடந்தவை. அத்தனையையும் பணயம் வைத்து வந்தவர்களின் விசுவாசத்தை, பஞ்சகாலத்து அரிசிக்காக வந்தது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

உண்மையான அந்த விசுவாசம் எங்கே தடுக்கி விழுந்தது? சிலையை விட்டார்கள், குடியை விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் பலரால் முடியவில்லை.

1847-ஆம் ஆண்டு மதுரை மிஷன் இதில் கண்டிப்பான முடிவு எடுத்தது. சாதியைக் கைவிட்டவர்களுக்கே சபையில் இடம். கைவிட்டதற்கு அடையாளம், எந்தச் சாதியார் சமைத்தாலும் எல்லாருடனும் அமர்ந்து உண்பது. அதற்காகவே அன்பின் விருந்து என்று பந்தி வைத்தார்கள். உபதேசியார்கள் பலர் அமர மறுத்தார்கள். அவர்களுக்கு வேலை போயிற்று, நற்கருணையும் நிறுத்தப்பட்டது. பசுமலைச் செமினரியிலிருந்து மாணவர் பலர் வெளியேறினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1850-ல், சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடும் ஏறக்குறைய இதே நிலையை எடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதில் சேரவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், அதை வற்புறுத்தி அகற்றக் கூடாது, சுவிசேஷம் உள்ளே வேலை செய்யச் செய்ய அது தானாக உதிரும் என்பது அவர்கள் கட்சி.

மறுத்த உபதேசியார்களை வேஷதாரிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் ஊராக நடந்து, வசவு வாங்கி, வேதம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். பொய்யும் களவும் விபசாரமும் அவர்கள் நெஞ்சைக் குத்தின. பந்தி பிரித்து உண்டது குத்தவில்லை. சேர்ந்து உண்டால்தான் குத்தியது. பெற்றவள் முகத்தில் எப்படி விழிப்பது, தங்கைக்கு இனி யார் மாப்பிள்ளை தருவார்கள் என்ற நினைப்பு ஒருவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடப் போதுமானது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். மனந்திரும்புதல் ஒவ்வொருவராக நடக்கிறது. ஆனால் நம்மிடம் மிஞ்சி நிற்கும் பாவங்களில் பெரியவை ஒருவருடையவை அல்ல. ஊர் கூடிக் காப்பாற்றும் பாவங்கள் அவை. உறவு அவற்றை மரியாதையாகப் போற்றுகிறது. தகப்பன் கடமையென்று மகன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். இப்படிப்பட்ட பாவத்துக்காகத் தனியறையில் முழங்காலிட்டு அழுவது மட்டும் போதாது. கூடிச் செய்ததைக் கூடித்தான் விடவேண்டும். ஞானஸ்நானம் பெற்று மூன்று, நான்கு தலைமுறை கடந்த பிறகும் நாம் ஏன் இப்படியே இருக்கிறோம் என்பதற்கு நம் மண்ணின் வரலாறு தரும் விடையாக நான் காண்பது இதுவே.

வேதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு சேர்ந்து உண்டுகொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் இழுபட்டுப் போனார். பேதுருவின் உபதேசம் மாறிவிடவில்லை. சொந்த ஜனம் என்ன சொல்லுமோ என்ற பயம் வந்துவிட்டது. பவுல் எல்லார் முன்பாகவும் அவரை நேருக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு நம் ஊர்க் கல்யாணப் பந்திகளைக் கண்டவர்களைவிட நல்ல உரையாசிரியர்கள் கிடைக்கமாட்டார்கள்.

மிஷனரிகளையும் இங்கே நிறுத்துப் பார்க்கவேண்டும். சாதியைப் பாவம் என்று சொன்ன அவர்கள் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பந்தியை வைத்தவர் கையிலேயே சம்பளமும் இருந்தது. வேலை போகும் என்ற பயத்தில் ஒருவர் உண்ட சோறு மனமாற்றத்துக்கு அடையாளமாகுமா? பங்களாவுக்கும் உபதேசியார் வீட்டுக்கும் இடையே இருந்த தூரத்தை அவர்களில் பலர் பாவமாக எண்ணவும் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1910-ல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து, மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லி, அதற்கு மேல் அவர்களிடம் நட்பைக் கேட்டார். சமமாக ஒரு மேசையில் உட்காருவதைத்தான் அவரும் கேட்டார் என்று நான் வாசிக்கிறேன்.

கத்தோலிக்கர் வரலாறும் வேறில்லை. வடக்கன்குளத்தில் வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதி விட்டு ஆலயம் எழும்பியது. நடுவில் நின்ற சுவர் 1910-ல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களுக்கு இடையிலும் சுவர் வந்தது. சபைக்கு வெளியேயும் இப்படித்தான்: 1897-ல் கமுதி இந்துக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததன்மேல் எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ந்தது. வாசலில் நிறுத்தப்படுவதன் வலியை இந்த வட்டாரம் நன்றாக அறியும். அந்த வலியை அறிந்த சமூகங்களில் பிறந்த கிறிஸ்தவர்களும் தங்களுக்குக் கீழே என்று எண்ணியவர்களோடு இலை போட்டு உட்காரத் தயங்கினார்கள். இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிணக்கு எல்லாமே பாவம்தானா? இல்லை. அந்தியோகியாவில் பவுல் பேசாமல் இருந்திருந்தால் அதுதான் பாவம். மாற்குவை அழைத்துப் போவதா என்ற வழக்கில் பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். பிற்காலத்தில் அதே மாற்குவைத் தம்மிடம் கூட்டிவரும்படி எழுதுகிறார் பவுல். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் 1835-ல் தம்மை அனுப்பிய சங்கத்தோடு முறித்துக்கொண்டது, உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதைப் பற்றிய கொள்கை வேறுபாட்டால். கால்டுவெல் 1849-ல் எழுதிய நாடார்களைப் பற்றிய நூல் ஏற்படுத்திய காயமும் சேர்ந்து, 1857-ல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தனிச் சபை கண்டார். அவருடைய உபதேசங்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனாலும் தன் ஜனத்தின் மானத்துக்காக ஒருவர் வெளியேறியதைப் பாவம் என்று எழுத என் கை ஓடவில்லை. ஒரு பிணக்கை நிறுக்க நான் வைத்திருக்கும் படிக்கல் ஒன்றுதான்: அது பந்தியை விரிக்கிறதா, சுருக்குகிறதா?

பிணக்கைப் பேசித் தீர்க்க நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய இந்திய ஆயர்கள், தங்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவினைகள் வெளியிலிருந்து வந்தவை என்று சொல்லி ஒன்றிப்புக்கு அழைத்தார்கள். பேராயர் முறை வேண்டுமா, யார் அபிஷேகம் செய்தால் செல்லும் என்று 28 ஆண்டுகள் பொறுமையாகப் பேசி, 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு லெஸ்லி நியூபிகின் முதல் பேராயராக வந்தார். உலகமே வியந்து பார்த்த ஒன்றிப்பு அது. ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் பிறந்த பிரிவினைகளைத் தீர்க்க நாம் கொடுத்த அந்தப் பொறுமையை, நம் ஊரில் பிறந்த பிரிவினைக்கு நாம் கொடுத்ததாக நான் காணவில்லை.

அதன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2008 மார்ச்சில் எறையூரில் ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் சாதியாகப் பிரிந்து மோத, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் மாண்டார்கள். திருமண்டலத் தேர்தல்கள் உயர்நீதிமன்றம் ஏறுகின்றன. சபையை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதியை நியமிக்கும் நிலைக்கும் வந்தோம். தேர்தல் காலத்தில் வாக்கு எண்ணுகிறவர்கள் வீட்டுக் கணக்கா பார்க்கிறார்கள்? சாதிக் கணக்குத்தானே பார்க்கிறார்கள்?

வரலாறு எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதோ பக்கத்தில் இருக்கும் திருச்சுழியைத் தேவாரத்தில் பாடியவர் சுந்தரர். இறைவனுக்கே தோழர் எனப்பட்டவர். அவரே திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று தந்த வாக்கை மீறிக் கண்ணொளி இழந்ததைச் சேக்கிழார் மறைக்காமல் பாடுகிறார். மறைக்காமல் பாடியும் அவரையே காவியத் தலைவராக வைத்திருக்கிறார். அடியார் தவறியதைச் சொன்னால் அடியார்க்கு இழுக்கு என்று அவர் அஞ்சவில்லை. நம் நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். ஆலயம் கட்டிய ஆண்டு இருக்கும், ஆயர்களின் படம் இருக்கும். யார் நற்கருணையிலிருந்து விலக்கப்பட்டார், யார் எந்தத் தெருவுக்குள் ஆயரை வரவிடவில்லை என்பது இருக்காது. பழைய சபைப் பதிவேடுகள் கறையானுக்குப் போவதற்குள் எடுத்துப் படியெடுங்கள். முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். விலக்கியவர் பேச்சையும் விலக்கப்பட்டவர் பேச்சையும் எழுதுங்கள்.

சபை மூப்பர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் எளியது. உங்கள் ஊரில் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு கல்லறைத் தோட்டம் இருந்தால், அடுத்த சபைக் கூட்டத்தில் அதை முதல் பொருளாக வையுங்கள். கட்டட நிதிக்கு முன்பாக, அசன விருந்துக் கணக்குக்கு முன்பாக வையுங்கள். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் அடுத்த கூட்டத்திலும், அதற்கடுத்த கூட்டத்திலும் அதையே முதலில் எடுங்கள்.