இரு ஆளுநர்கள்



ரோம சாம்ராஜ்யத்து ஆளுநர் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டுமென்று இந்தத் திரிங்காப் மலையூர் நண்பர்கள் பணித்தபோது அக்ரிகோலாவை நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில், நம்முடைய இந்தப் பகாங்கிலேயே உத்தியோகம் பார்த்த ஆங்கிலேய அதிகாரி ஹியூ கிளிஃபோர்டும் கூடவே வந்து நின்றுவிட்டார்.

அக்ரிகோலா பிரிட்டானியாவுக்கு இளம் படையதிகாரியாகப் போய், பின்னர் அங்கேயே ஒரு படைக்குத் தலைவராகி, கி.பி. 77ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டுக்கே ஆளுநராகி, ஏறக்குறைய ஏழாண்டுக் காலம் பரிபாலனம் செய்தவர். கிளிஃபோர்டு 1883இல், பதினேழு வயதில், பேராக்கிற்கு வந்தார். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரான வெல்ட் அவருக்கு உறவினர் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ரோமாபுரியிலும் பதவிக்கு வழி பெரும்பாலும் உறவின் வாசல்தானே! 1887இல் பகாங் சுல்தான் அகமதுவிடம் தூது சென்று, மலாய் மொழியிலேயே பேசிப் பழகி, அவரை ஆங்கிலேயருடன் உடன்படிக்கைக்கு இசையவைத்து, 1896இல் இம்மாநிலத்து ரெசிடெண்டாக உயர்ந்து, பிறகு டிரினிடாட், இலங்கை, கோல்ட் கோஸ்ட், நைஜீரியா, மறுபடியும் இலங்கை என்று ராஜ்யம் ராஜ்யமாக மாறி, 1927இல் மலாய் நாடுகளுக்கே ஹை கமிஷனராகத் திரும்பினார். அவர் திரும்பிய இரண்டாண்டில், 1929இல், ரஸ்ஸல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

இருவரும் சமர்த்தர்கள், அதில் விவகாரமில்லை. அவர்கள் சரித்திரத்தை எழுதியவர் யார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அக்ரிகோலாவின் வாழ்க்கையை எழுதியவர் அவருடைய மருமகன் டாசிட்டஸ். மாமனாரின் புகழுக்கென்றே எழுதிய அந்நூலிலும், எதிர்த்து நின்ற கால்ககஸ் என்னும் தலைவனுக்கு, ரோமாபுரியின் பேராசையைச் சாடும் ஒரு சொற்பொழிவை அவர் அளித்திருக்கிறார். கற்பனைதான், ஆயினும் பெருந்தன்மையான கற்பனை. 1891இல் பகாங்கின் செமந்தானில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த டத்தோ பகாமானைப் பற்றியோ, அவரை அடக்கப் புறப்பட்டவர்களுள் ஒருவரான கிளிஃபோர்டே பேனா பிடித்தார். 1897இல் வெளிவந்த 'இன் கோர்ட் அண்ட் கம்போங்' என்னும் அவருடைய நூலில் மலாய்க் குடிகள்மீது பரிவு உண்டு, அழகிய நடையும் உண்டு. ஆனால் பரிவு காட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே அதிகாரி!

வாலிபர்களே, ஆளுநர்களுக்கு மருமகனும் உண்டு, பேனாவும் உண்டு. கொழுந்துக்கூடை சுமந்தவர்களுக்கு உங்களை விட்டால் வேறு யாருமில்லை. உங்கள் வீட்டுப் பாட்டிமார் எந்தத் தோட்டத்துக்கு எப்போது வந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எந்த லயத்தில் குடியிருந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.