வண்டிக் கடனை அடைத்தால் போதுமா? வண்டியையும் பார்க்க வேண்டாமா?

(திருத்துறைப்பூண்டியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)

 

வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, உள்கடன், தவணை, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு மேசை மேல் என்ன இருக்கிறது பாருங்கள். ஒரு பழைய ஷாக் அப்சார்பர், ஒரு புது ஷாக் அப்சார்பர், நாலு ஸ்பேனர், ஒரு கந்தல் துணி. "என்ன மேடம், மெக்கானிக் கடை வச்சிட்டீங்களா?" என்று வாசலிலேயே ஒரு அக்கா கேட்டுவிட்டார். கடை வைக்கவில்லை அக்கா. ஆனால் அந்தக் கடைக்காரர் செய்கிற வேலைகளில் ஒன்றை நம் வீட்டு வாசலிலேயே நாம் செய்ய முடியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

ஏன் இந்தப் பேச்சு? நம் குழுக்களில் மாட்டுக் கடனுக்கு அடுத்தபடியாக அடிக்கடி கேட்கிற கடன் வண்டிக் கடன். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அப்படி வாங்கிய சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. கடன் அட்டையில் தவணை சரியாக ஏறியிருக்கிறதா என்று பத்து பேர் பார்க்கிறோம். வண்டி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கேட்டால், "அது அவரு சமாச்சாரம் மேடம்" என்கிறோம். ஆர்.சி. புக்கில் பெயர் நம்முடையது. கடன் நம்முடையது. பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்காருவதும் நாம்தான். அப்புறம் எப்படி அது அவர் சமாச்சாரம் மட்டும் ஆகும்?

ஒரு சகோதரியின் கதை

பெயர் சொல்ல வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் மொபெட் வாங்கி மீன் வியாபாரம் செய்தார். விடியற்காலை முத்துப்பேட்டைப் பக்கம் போய் மீன் எடுத்து, கூடையைப் பின்னால் கட்டி, ஏழெட்டு ஊர் சுற்றுவார். வண்டி சில மாதமாகவே குதிரை மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. ஷாக்கில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. "சம்பா அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்.

ஒருநாள் இருட்டின பிறகு மாமியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் வந்தபோது ஒரு பள்ளம். நல்ல ஷாக் இருந்திருந்தால் ஒரு குலுக்கலோடு போயிருக்கும். பின் சக்கரம் தூக்கிப் போட்டு, மறுபடி மறுபடி துள்ளி, வண்டி கையில் நிற்கவில்லை. மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் வியாபாரம் நின்றது. நாலு தவணை பாக்கி விழுந்தது. நம் கணக்கில் அதைத் "தவணை தவறியவர்" என்றுதான் எழுதினோம். வண்டியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர் மட்டும் தப்புச் செய்யவில்லை, மாதாமாதம் அவர் வாசலுக்குப் போன நாங்களும் அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டேதான் போனோம்.

ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது?

தூளியை ஒரு தடவை ஆட்டிவிட்டால் அது தானாக ரொம்ப நேரம் ஆடும். நிறுத்த ஒரு கை வேண்டும். வண்டியில் ஸ்பிரிங் என்பது தூளி மாதிரி. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குக்கு நடுவில் இருக்கும் குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. வண்டி ஏறி இறங்கும்போது அந்த எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த நெருக்கல்தான் ஆட்டத்தை நிறுத்துகிற கை. எண்ணெய் கசிந்துவிட்டால் கை போச்சு, வெறும் தூளி மட்டும் மிச்சம்.

நம் பகுதியில் இது சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் உண்டு. ஒன்று, பாரம். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் சிப்பம் ஒன்று 40 கிலோ. இரண்டு சிப்பமும் ஓட்டுகிறவரும் சேர்ந்தால் 130 கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு கொடுத்த கையேட்டில் போட்டிருக்கும், பாருங்கள். இரண்டு, கடல் பக்கத்து உப்பு. முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் ஓடுகிற வண்டியில் போல்ட்டும் நட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மீன் கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி விடுங்கள். மூன்று, சாலை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் போன பிறகு நாம் எந்தெந்தப் பாதையில் வண்டி ஓட்டினோம் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று சோதனை

மாதத்துக்கு ஒருமுறை, குழுக் கூட்டம் நடக்கிற அன்றே செய்யலாம்.

1. பார்ப்பது: ஷாக்கின் குழாயில் எண்ணெய்க் கசிவு, ஈரப் புழுதி இருக்கிறதா? மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா?

2. அழுத்துவது: சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது.

3. ஆட்டுவது: வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் கொடுத்தால் அது சக்கர பேரிங்காகவோ, சக்கரத்தைத் தாங்கும் கையின் புஷ்ஷாகவோ இருக்கலாம். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மாதிரி, பின்பக்கம் இடது ஒன்று, வலது ஒன்று என இரண்டு ஷாக் உள்ள வண்டிக்குத்தான் இன்று சொல்வது பொருந்தும். ஒரே ஷாக் உள்ள ஸ்கூட்டரில் அதைக் கழற்றினால் பின்பக்கத்தைத் தாங்க வேறு ஒன்றும் இருக்காது. அதைத் தொடாதீர்கள். முன் போர்க்கு, அதன் ஆயில் சீல், ஹேண்டில் கோன் செட், இவையும் வேண்டாம். பழைய ஷாக்கின் ஸ்பிரிங்கைத் தனியாகப் பிரிக்கவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் கண்ணோ பல்லோ போய்விடும். முழுசாகக் கழற்றி, முழுசாகப் புதிதை மாட்டுவது மட்டும்தான் நம் வேலை.

செய்முறை

முதலில் சாமான். வண்டியின் மாடலும் வருடமும் சொல்லி வாங்குங்கள். முடிந்தால் ஆர்.சி. நகலைக் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். புது நட்டும் வாஷரும் கேட்டு வாங்குங்கள். அட்டையில் விலை பார்த்து, பில் வாங்காமல் வராதீர்கள்.

முதல் நாள் மாலை, நட்டுகளில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, அல்லது நாலு சொட்டு டீசல் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் இஞ்சின் சூடு இல்லாதபோது ஆரம்பியுங்கள். சைலன்சர் பக்கம் கை போகும், சுட்டுவிடும்.

சிமெண்டுத் தரையில், நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள். ஈர மண்ணில் வேண்டாம், ஸ்டாண்டு இறங்கிவிடும். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். பின் சக்கரம் தரையில் படாமல் நிற்கும். அந்த இடைவெளிக்குச் சரியாகப் பலகை செருகுங்கள். கூட ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான பேச்சு. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். முதல் தடவை எங்கள் அலுவலக வண்டியில் நாங்கள் ஆர்வக் கோளாறில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கழற்றினோம். பலகையும் வைக்கவில்லை. சக்கரம் 'தொம்'மென்று கீழே இறங்கி எங்களில் ஒருவருக்கு விரல் நசுங்கியது. அரை மணி வேலை அரை நாள் ஆனது. படித்தவர்கள் என்ற நினைப்பு அன்றைக்கே போய்விட்டது.

ஒரு பக்கத்தில் மேல் நட்டு, கீழ் நட்டு, இரண்டுதான். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டுக்குப் பிடிப்பாக உட்காருகிற ரிங் ஸ்பேனர் போடுங்கள். கட்டிங் பிளேயர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் திருப்பினால் கழலும். கழற்றியதை வந்த வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்குங்கள். ஷாக் இறுக்கமாக இருந்தால் முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். சுத்தியலால் மறையில் அடிக்காதீர்கள்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளமும் துளையும் ஒன்றுதானா என்று பாருங்கள். போல்ட்டைத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவலாம். மறையிலும் ரப்பர் புஷ்ஷிலும் கிரீஸ் படக்கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பழையது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே மாதிரி புதியதை மாட்டி, நட்டைக் கையாலேயே நாலு சுற்று ஏற்றுங்கள். கையால் சுலபமாக ஏறினால்தான் மறை சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஸ்பேனர். இந்தப் பக்கம் முழுக்க முடிந்த பிறகே அடுத்த பக்கம்.

இரண்டும் முடிந்ததும் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பத்து தடவை சீட்டை அமுக்கி, நாலு நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதலில் ஆள் ஏற்றாமல் தெருவுக்குள் மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை இறுக்கம் பாருங்கள். நட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அதை அளக்கிற ஸ்பேனர் பட்டறையில் இருக்கும். முதல் தடவை செய்கிறவர்கள் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பழையதைப் பிரிக்காமல், நெருப்பில் போடாமல், பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

"பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர்?"

இப்படிக் கேட்பார்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போதும் "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்று கேலி பேசினார்கள். கற்றுக்கொண்ட பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கேலி பேசியவர்களைத் தாண்டிப் போனார்கள். ஓட்டக் கற்றது அவர்கள் காலம். பழுது பார்க்கக் கற்பது நம் காலமாக இருக்கட்டும்.

மெக்கானிக் தம்பிகளின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. அவரிடம் போனாலும், "தம்பி, ரெண்டு பக்கமும் மாத்துங்க, பழசைக் கையில குடுங்க, பில்லு போடுங்க" என்று தெரிந்து பேசலாம். தெரிந்தவரிடம் யாரும் ஏமாற்ற யோசிப்பார்கள்.

எங்கள் கோரிக்கை இரண்டு. ஒன்று, ஊராட்சிக்கு ஒரு ஸ்பேனர் பெட்டி. கூட்டமைப்பு நிதியில் வாங்கி ஒரு குழுவின் பொறுப்பில் வைக்கலாம். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்து, திருப்பி வைக்க வேண்டும். இரண்டு, வண்டிக் கடன் வாங்கியவரின் வண்டியை மாதம் ஒருமுறை இந்த மூன்று சோதனை செய்து தீர்மான நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். இன்றைக்கே தீர்மானமாக வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போன சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்படித்தான் அழிய இருந்த நெல் ஊர் ஊராகப் பரவியது. இன்று இந்த வேலையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் குழுவில் இரண்டு பேருக்குச் செய்து காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் எங்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள்.

சரி, பேச்சு போதும். வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் வண்டி நிற்கிறது. முதல் நட்டை யார் கழற்றுகிறீர்கள், வாருங்கள்.