பழைய வேன் வாங்குமுன் பாரத்தை எண்ணுவோம்

(கிராம இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவர், தோலின் மினுமினுப்பைக் கண்டு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; சுழி பார்க்கிறார்; நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிக்கிறார்; இயன்றால் நுகத்தில் பூட்டியும் பார்க்கிறார். தம்முடைய நிலம் கரிசலா செம்மண்ணா என்பதையும் மனத்திற்கொண்டே மாட்டைத் தேர்ந்தெடுக்கிறார். இத்துணை நுட்பம் அறிந்த நம் மக்கள், பழைய வேன் வாங்கும்போது மட்டும் வண்ணப்பூச்சையும் விலையையும் பார்த்து முடிவு செய்துவிடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். அது பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நகரங்களை அடுத்துள்ள கிராமங்களிலும் இன்று மருத்துவமனைகள், கல்லூரிகள், திருமண மண்டபங்கள், வணிகக் கட்டடங்கள் பெருகியுள்ளன. அவற்றின் கண்ணாடிச் சன்னல்களைத் துடைப்பதற்கும், கூரைமீதுள்ள சூரிய மின்தகடுகளைக் கழுவுவதற்கும் ஆள் தேவைப்படுகிறது. தூசி படிந்த தகடு தர வேண்டிய மின்சாரத்தைத் தராது. ஆகவே, நான்கு இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து இத்தொழிலைத் தொடங்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏணி, நீண்ட கம்புப் பிரஷ், ரப்பர் வைப்பர், ஹோஸ் குழாய், சிறு பம்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. பெருஞ்செலவு வேன் ஒன்றுதான். அதற்கே குடும்பத்தின் சேமிப்பும் வங்கிக் கடனும் போகின்றன. அந்த வேன் பழுதாகி நின்றுவிட்டால் வேலை நிற்கும். வேலை நின்றால் வருவாய் நிற்கும். கடன் தவணை மட்டும் நில்லாது.

தண்ணீரின் எடை

இத்தொழிலுக்கு வேன் எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏணியும் பிரஷும் மட்டுமே எனில் சிறு வண்டியே போதும். ஆனால் நம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புநீராக உள்ளது. அந்நீரால் கண்ணாடியைக் கழுவிக் காயவிட்டால் வெண்திட்டுகள் படிந்துவிடும். ஆதலால் நல்ல நீரையோ, உப்பு நீக்கிய நீரையோ உடன் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்பதை யாவரும் அறிவர். ஆயினும் 1,000 லிட்டர் தொட்டியை நிரப்பினால் அது ஒரு டன் பாரம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வேனின் பதிவுச் சான்றில் வெற்று எடை, பாரத்துடன் கூடிய மொத்த எடை என்ற இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே நாம் ஏற்றக்கூடிய அளவு. அந்த வேறுபாடு 750 கிலோ என்று கொள்வோம். முன்னே அமரும் இருவர் 140 கிலோ. பம்பு, ஏணி, குழாய் முதலிய கருவிகள் 110 கிலோ. வெற்றுத் தொட்டி 20 கிலோ. எஞ்சுவது 480 கிலோ. எனவே அந்த வண்டியில் 450 லிட்டர் தண்ணீருக்குமேல் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. மற்ற இருவரைப் பின்புறச் சரக்குத் தட்டில் உட்கார வைக்கவும் கூடாது. அது சட்டத்திற்கும் உயிருக்கும் ஒவ்வாத செயல். அவர்கள் இருசக்கர வாகனத்தில் வரட்டும்.

2005ஆம் ஆண்டில் வெளிவந்து, மக்களால் 'குட்டி யானை' என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் முக்கால் டன் வகையைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டில் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வகை. முன்னது சந்துகளில் எளிதில் திரும்பும். பின்னது மிகுந்த நீரைச் சுமக்கும். எது சிறந்தது என்பதைவிட, நம் வேலைக்கு நாள்தோறும் எத்தனை லிட்டர் வேண்டும் என்பதே சரியான கேள்வி.

அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் நீர் தளும்பும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அப்பாரம் ஒருபுறமாகச் சாய்ந்து வண்டியையே புரட்டிவிடக்கூடும். ஆகவே தடுப்புகள் உள்ள தொட்டியாகத் தேர்ந்து, தாழ்வாக வைத்து, முன்பின் அச்சுகளுக்கு இடையே சேஸியோடு இறுகப் பிணைப்பது நன்று.

அடிப்பகுதியைப் பார்த்தல்

பழைய வண்டியின் உண்மை வரலாறு அதன் அடியில் எழுதப்பட்டிருக்கிறது. பின் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகியிருந்தால், அவ்வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தது என்பது பொருள். சேஸியில் வெடிப்போ, புதிதாக வெல்டிங் வைத்த தழும்போ உண்டா என்று பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் மீன் ஏற்றிய வண்டிகளில் உப்புநீர் வடிந்து சேஸியை அரித்திருக்கும்; நாமும் தண்ணீரே ஏற்றப்போகிறோம் ஆதலால் அத்தகைய வண்டி நமக்கு அறவே ஆகாது. அடியில் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் ஐயுறவு கொள்க. ஸ்குரூ டிரைவரால் ஆங்காங்கே குத்திப் பார்த்தால் துருவின் ஆழம் தெரிந்துவிடும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று கொள்ள வேண்டும். மீட்டர் குறைந்த தூரத்தைக் காட்டி, கிளச்சு மிதியின் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையும் மிகத் தேய்ந்திருந்தால், மீட்டரை நம்புவதைவிட ரப்பரை நம்புவதே நலம்.

என்ஜினை அறிதல்

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியைப் பார்க்கச் செல்லுங்கள். முன்னரே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாது வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதா என்று மெக்கானிக் ஆராய வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து, அதன் உட்புறம் மோர்போல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு அன்று.

பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்ப்பது மிக முக்கியம். வெற்று வண்டி எதுவும் நன்றாகத்தான் ஓடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரி வடிகட்டி உண்டு. எப்போதும் குறுகிய தூரமே ஓட்டினால் அது அடைபட்டுத் தொல்லை தரக்கூடும். தெருத் தெருவாக நின்று நின்று செல்லும் தொழிலினர் இதையும் எண்ணிப் பார்ப்பாராக.

பத்திரங்கள்

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம் அல்லவா? வண்டிக்கும் அது உண்டு. பதிவுச் சான்றிலுள்ள சேஸி எண்ணும், வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டி கடனில் வாங்கப்பட்டதாயின், கடன் தீர்ந்ததற்கு நிதி நிறுவனம் கையொப்பமிட்ட 35ஆம் படிவத்தைக் கேட்டுப் பெறுக. உரிமை மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் தேவை. சாலை வரிப் பாக்கியும், செலுத்தாத அபராதமும் இருக்கின்றனவா என்பதை முன்பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆகவே வயது முதிர்ந்த வண்டி மலிவாகக் கிடைத்தாலும், ஆண்டுதோறும் ஒரு செலவு காத்திருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு அளித்துள்ளது. இலகுரக வாகன உரிமம் உடையவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஆனால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

விலைக்கு அப்பால்

1,50,000 ரூபாய்க்கு ஒரு வண்டியும், 2,00,000 ரூபாய்க்கு ஒரு வண்டியும் கிடைப்பதாகக் கொள்வோம். முதல் வண்டிக்கு டயர், பேட்டரி, கிளச்சு, காப்பீடு, தகுதிச் சான்று என்று 60,000 ரூபாய் செலவாகுமாயின், மலிவானது எது என்று கூறவும் வேண்டுமோ? பட்டறையில் நிற்கும் நாள்களில் இழக்கும் கூலியையும் அதனுடன் சேர்க்க வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், முதல் ஆறு மாதப் பழுதுபார்ப்புக்கென ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்கள் தங்களிடம் ஆலோசனைக்கு வரும்போது, 'என்ன விலை?' என்று முதலில் கேட்காதீர்கள். 'எத்தனை லிட்டர் தண்ணீர் ஏற்றப் போகிறாய்? பதிவுச் சான்றில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறது?' என்று கேளுங்கள். ஊரில் அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரையும் மெக்கானிக் ஒருவரையும் அவர்களுடன் அனுப்பி வையுங்கள். ஒரு நாள் ஆராய்ச்சி பல ஆண்டுக் கடன் துயரைத் தடுக்கும். பாரத்தை அறிந்து வண்டியைத் தேர்ந்தால், அவ்வண்டி நான்கு குடும்பங்களையும் சுமக்கும்.