குளிர்சாதனப் பெட்டியில் கார் சவர்க்காரமா?



என் வகுப்பு மாணவன் ஒருவனின் வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். அவன் தந்தை வார இறுதியில் கார் கழுவிக் கொடுத்து நான்கு வெள்ளி சம்பாதிப்பவர். சவர்க்கார நீரை மொத்தமாக வாங்கினால் மலிவு. ஆனால், தகரக் கூரையின் சூட்டில் அது கெட்டுவிடுமோ என்று அந்தத் தாய்க்குக் கவலை. எனவே காலியான சர்பத் போத்தலில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டார். நிறமோ ஆரஞ்சு. பள்ளி விட்டு வந்த சின்னவன் தாகத்தில் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். கசப்புத் தாங்காமல் உடனே துப்பியதால் பிழைத்தான்.

அந்தத் தாயின் எண்ணம் சிக்கனம்தான். ஆனால், குளிர் இப்பொருள்களைக் காக்கிறதா? பார்ப்போம்.

கேமரன் மலையில் இரவு வேளையில் வெப்பம் 15, 16 டிகிரி வரை இறங்கும். அங்கே தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே வெண்ணெய்போல் உறைந்துவிடும். வெயில் பட்டால் மீண்டும் உருகும். சவர்க்கார நீரும் ஏறத்தாழ அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் அது தடித்துக் கலங்கலாம், அடியில் படியலாம். வெளியே வைத்து, சூடு ஏறியபின் மெல்லக் குலுக்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். அதற்குக் குளிரால் நன்மை ஒன்றும் இல்லை.

காருக்கு மினுக்கம் தரும் பால்போன்ற பாலிஷ் வேறு வகை. அதில் மெழுகும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக நீரில் மிதக்கின்றன. நம் ரப்பர் பாலும் இப்படிப்பட்டதுதானே? ரப்பர் பாலில் அமிலம் விட்டால் என்ன ஆகும்? துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், நீர் பிரியும். கட்டியான பிறகு அதை மறுபடியும் பாலாக்க யாராலும் முடியாது. பாலிஷில் இந்த வேலையைக் கடுங்குளிர் செய்கிறது. நீர் 0 டிகிரியில் பனிக்கட்டியாகும்போது மெழுகுத் துளிகள் நெருக்குண்டு ஒட்டிக்கொள்கின்றன. உருகிய பின் திரிந்த பாலைப்போல் கட்டி வேறு, நீர் வேறாக நிற்கும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருமனும் கூடுவதால், நிறைந்த போத்தல் வெடித்தும் போகலாம். டொரொன்டோ போன்ற பனி நாட்டு நகரங்களில் வாழும் நம்மவர்கள், குளிர்காலத்தில் இவற்றை வீட்டுக்குள் எடுத்து வைப்பது இதனால்தான்.

மலாக்காவில் நமக்குப் பனி இல்லை, சூடுதான் பகை. துணி வெளுக்கும் குளோரின் நீர் வெயிலிலும் சூட்டிலும் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் 50 டிகிரியையும் தாண்டும். அங்கே விட்டுவைத்த ஸ்ப்ரே டின் வெடிக்கக்கூடும்.

அப்படியானால் எங்கே வைப்பது? வெயில் படாத, காற்றோட்டமான, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள ஒரு பெட்டியில் வையுங்கள். நம் வீட்டு நிழலின் சூட்டைச் சவர்க்கார நீர் தாங்கும். குளோரின் நீரை அமிலத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சுப்புகை எழும். முக்கியமாக, வாங்கிய போத்தலிலிருந்து மாற்றாதீர்கள். மொத்தமாக வாங்கினாலும் பெயர்ச்சீட்டு ஒட்டிய கலனிலேயே வாங்குங்கள். எழுத்துத் தெரியாத குழந்தை போத்தலின் வடிவத்தைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பதை அறிகிறது. சர்பத் போத்தலில் இருப்பது அதற்குச் சர்பத்தே.

தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது புண்ணாக்கியது, திரும்பி வரும்போதும் புண்ணாக்கும். நுரை நுரையீரலுக்குள்ளும் போகலாம். வாயைத் துடைத்து, நீரால் கொப்பளிக்கச் செய்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ 999 எண்ணை அழையுங்கள்.

அந்தச் சின்னவன் இப்போது நலமாகப் பள்ளிக்கு வருகிறான். அவன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இன்று உணவும் குடிநீரும் மட்டுமே இருக்கின்றன. இன்று மாலை உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.